தூர் வாராத மோட்டார் குழி

வில்லியனூரில் அந்த வீடு பள்ளத்தில் இருந்தது. மழை பெய்தால் பின்னறையில் தண்ணீர் ஊற்றெடுக்கும். அதை வெளியே இறைக்க அங்கே குழி வெட்டி மோட்டார் வைத்த அன்றே, "குழாய் வாய்க்கு வலை கட்டுங்க, சேறு அடைச்சுக்கும்" என்று செலின் மேரி சொன்னாள். புருஷன் தனிஸ்லாஸ் கேட்கவில்லை. போன மழையில் மோட்டார் அடைத்துக்கொண்டு, அந்த அறையில் அவள் ஊராருக்குத் தைத்து வைத்திருந்த கல்யாணத் துணியெல்லாம் சேற்றில் ஊறிப்போனது. "எம் பொண்டாட்டிக்கு மோட்டார் போடத் தெரியல" என்று கோயில் வாசலில் சொல்லிச் சிரித்தான் அவன். இன்று வானம் கறுத்ததும் காகிதம் எடுத்து எழுதினாள்:

"பாகூர் அக்கா வூட்டுக்குப் போறேன். சோறு பானையில இருக்கு, மீன் கொழம்பு சட்டியில. பின்னறைச் சாவி ஆணியில. அந்த மழைக்கப்புறம் வாராவாரம் குழியில சேறு வழிச்சது நான்தான். வழிச்சதையெல்லாம் இன்னைக்குத் திரும்ப அதுலயே கொட்டிட்டேன். வெதைக்குன்னு நீங்க வெச்ச மல்லாக்கொட்ட மூட்டைங்க அந்த ரூம்லதான் கெடக்கு. மோட்டார் போடத் தெரிஞ்சவரு, பாத்துக்குங்க."

மடித்து வைத்தவள், மறுபடி பிரித்து அடியில் இடுக்கி எழுதினாள்:

"குழியில கைய வெக்கிறதுக்கு முன்ன பியூச புடுங்கிடுங்க. நீங்க சாவணும்னு இல்ல, சேத்துல நிக்கணும்."