கறுப்புக்கு மேல் நீலம்

சென்னை,
7.8.1984

அன்பு மகன் இஞ்ஞாசிக்கு,

மாதாவின் துணையால் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். விடுதிக் காப்பாளர் வேலையில் எனக்குக் குறையில்லை; முழங்கால் வலிதான் சற்று அதிகம். நான் கேட்டிருந்த கருப்பட்டியை அனுப்ப வேண்டாம்.

காருக்கு வெள்ளை அடித்ததாகப் போன வாரம் எழுதியிருந்தாய். ஏன் என்று எழுதவில்லை.

இங்கே தங்கியிருக்கும் ஓட்டப்பிடாரத்துக் கல்யாணசுந்தரி தடயவியல் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நேற்றுச் சாப்பிடும்போது சொன்னாள்: “போன மாசம் நம்ம கயத்தாறு பக்கம், தீப்பெட்டி ஆபீசுக்குச் சைக்கிள்ல போன மனுசனைக் கார் அடிச்சிட்டு நிக்காமப் போயிருக்கு. செத்துட்டாரு. சட்டையில நகக்கண் அளவு பெயிண்ட் ஒட்டியிருந்துது. கருவியில வச்சு ஒளியை விட்டா, அது எதால செஞ்சதுன்னு கோடு கோடா வரைஞ்சு காட்டிரும். அடியில கறுப்பு, மேல நீலம். இப்படி யாரும்மா அடிப்பாவ?”

உனக்கு டைபாய்டு தீர்ந்ததும், காமநாயக்கன்பட்டி மாதாவுக்கு நேர்ந்தபடி உன் அப்பா நம் கறுப்புக் காருக்கு நீலம் அடித்தார். பழசைச் சுரண்டச் சொன்னேன், கேட்கவில்லை. நீயும் சுரண்டியிருக்க மாட்டாய்.

நான் நினைப்பது தவறென்றால் உடனே தந்தி கொடு. தந்தி வராவிட்டால் வெள்ளிக்கிழமை ரயிலேறுவேன். என் பழைய மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து வா. உன் வாக்குமூலத்தை நான் வாசித்த பிறகே நீ கையெழுத்திட வேண்டும். ரயிலடிக்குக் காரில் வராதே. நடந்து வா. அங்கிருந்து இருவரும் நேரே காவல் நிலையம் போவோம்.

உன் அம்மா,
ரெஜினா