ஜனாஸாப் பக்கம்

குண்டசாலை

அன்பு உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் நோவு குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன்.

எங்கள் மாத சஞ்சிகையை இணையத்துக்குக் கொண்டுபோகிறோம். இறந்தவர்களுக்கான ஜனாஸா அறிவித்தல் பக்கத்தை வடிவமைப்பது என் வேலை. "சும்மா ஒரு பேரப் போட்டுப் பாருங்க தங்கச்சி," என்றார் ஆசிரியர் பஹீம் நானா. வாப்பாவின் பெயர்தான் கைக்கு வந்தது.

எந்த மையவாடியில் அடக்கம் என்பதை நிரப்பாமல் பக்கம் நகரவில்லை. அப்படி அமைத்ததும் நான்தான். கொரோனாவென்று அடக்க விடாமல் வாப்பாவை எரித்துவிட்டார்களே, எதை எழுதுவது?

அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டேன்.

"ஏன் எடுத்தீங்க?" என்று நானா கேட்டார்.

"எல்லாருக்கும் மையவாடி கிடைக்கல்லயே நானா," என்றேன்.

சின்ன விஷயம்தான், அழ வேண்டாம். இங்கே குளிர். வாப்பாவின் போர்வையை பஸ்ஸில் அனுப்பிவிடுங்கள். கந்தோர் வேலைக்கு நேரமாகிறது.

பெருநாளைக்கு எப்படியும் வருவேன். ஊரார் மையவாடிக்குப் போகும் நேரத்தில் நீங்கள் வீட்டில் தனியாக இருக்க வேண்டாம்.

மகள்,
பஸ்லினா