நகரத் தலைவரின் பிடரி முடி பற்றி நான் சொன்ன ஒரு வார்த்தை

அனுப்புநர்:
மூத்த பங்குதாரர்,
அண்ணன் தம்பி முடிதிருத்தகம்,
பேருந்துப் பணிமனைக்கு எதிர்த் தெரு.

பெறுநர்:
தேர்தல் அதிகாரி அவர்கள்,
நகராட்சிக் கட்டடம், முதல் மாடி.

பொருள்: ஊரடங்குக் காலத்தில் நகரத் தலைவருக்கு முடி வெட்டியது யார் என்ற விசாரணை – உண்மையை முன்கூட்டியே தெரிவித்தல் – ஒரே ஒருவரிடம் அதைச் சொல்ல அனுமதி கோருதல்.

பார்வை: கடந்த வெள்ளிக்கிழமை கடையில் வைத்து என் கையில் தரப்பட்ட தங்கள் அழைப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

வரும் திங்கட்கிழமை தங்கள் முன் ஆஜராகி உறுதிமொழி எடுத்து வாக்குமூலம் தர வேண்டும் என்று உத்தரவாகியிருக்கிறது. அழைப்பாணையை வாங்கிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நேரில் நின்றால் நாக்குக் குழறிவிடும் என்ற பயத்தில், சொல்ல வேண்டியதை இந்த மனுவில் எழுதுகிறேன். அதிகாரிகளுக்கு எழுதிப் பழக்கமில்லாதவன். முன்பின் இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. எங்கள் கடையில் இரண்டு நாற்காலிகள். சன்னல் பக்கத்து நாற்காலி என்னுடையது, சுவர்ப் பக்கத்து நாற்காலி என் தம்பியுடையது. கடையைத் தொடங்கியவர் எங்கள் அப்பா. வயதான பிறகு வேலையை விட்டுவிட்டாலும், தினமும் காலையில் குளித்து, மழமழவென்று சவரம் செய்துகொண்டு, கடை திறக்கும் முன்பே வந்து உட்கார்ந்துவிடுவார். தாடியோடு கடைக்கு வருபவன் முடிதிருத்துநனே அல்ல என்பது அவர் கட்சி.

2. நோய் பரவிய ஆண்டில் தொண்ணூற்று நான்கு நாள்கள் எல்லா முடிதிருத்தகங்களுக்கும் சீல் வைக்கப்பட்டது தாங்கள் அறிந்ததே. ஊரடங்கு உத்தரவின் ஏழாம் விதிப்படி, முடிதிருத்துநர் எவரும் தம் வீட்டார் அல்லாத எவரையும் தொடக்கூடாது. மீறினால் வழக்கு உண்டு, உரிமமும் ரத்தாகும். அதில் கையெழுத்திட்டவர் நகரத் தலைவர் அவர்கள். அதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் தொழில் மூச்சுக்காற்று படும் தொழில்.

3. தலைவர் அவர்கள் தினமும் மாலையில் தொலைக்காட்சியில் தோன்றி, அன்று எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஒரு வெள்ளைப் பலகையில் தம் கையாலேயே எழுதிக் காட்டினார். தலையில் எப்போதும் ஒரு வெள்ளைத் தொப்பி. "எனக்கும் முடி வெட்ட ஆளில்லை, பாருங்கள், தொப்பிக்குள் அடைத்து வைத்திருக்கிறேன்" என்று தொப்பியைத் தட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் எங்கள் தெருவே அவர் பக்கம் சாய்ந்தது. நானும் சாய்ந்தேன். அவருக்குத்தான் ஓட்டு என்று என் மனைவியிடம் அப்போதே சொன்னேன்.

4. கடை மீண்டும் திறந்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அவரைப் புகழ்ந்தார்கள். பள்ளிகளைத் திறந்து, மூடி, மறுபடி திறந்த குழப்பத்தை மன்னித்தார்கள். மாத்திரை தீர்ந்துபோனதை மன்னித்தார்கள். மருத்துவமனையில் படுக்கை கிடைக்காமல் வீட்டு ஆளைப் பறிகொடுத்தவர்கள்கூட, ஒரு மனிதர் என்னதான் செய்வார் என்று அவருக்காகப் பரிந்து பேசினார்கள். அவர்களில் ஒருவர் பேருந்து நடத்துநர். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை எங்கள் கடைக்கு வருபவர். அவரைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

5. இப்போது என் வாயால் வந்த வினை. பதினோரு நாள்களுக்கு முன், சனிக்கிழமை முற்பகல், கடைத் தொலைக்காட்சியில் தலைவரின் தேர்தல் பிரசாரப் படம் ஓடியது. ஊரடங்கின் அறுபத்தொன்றாம் நாள் காட்சியைக் காட்டினார்கள். தொப்பி போட்ட தலைவர் பலகைப் பக்கம் திரும்பி எண்ணை எழுதுகிறார். பின்னால் சோகமான இசை. காத்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் நாற்காலியில் நடத்துநர், முகம் முழுக்க நுரையோடு. எல்லோரும் எண்ணைப் பார்த்தார்கள். நான் தொப்பிக்குக் கீழே பிடரியைப் பார்த்தேன். முப்பது வருடப் பழக்கம், யார் திரும்பினாலும் என் கண் அங்கேதான் போகும். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்:

"இது வெட்டி அஞ்சு நாள்கூட ஆகல."

அவ்வளவுதான் ஐயா. அரசியல் எண்ணத்தோடு சொல்லவில்லை. காய்கறிக்காரர் கத்தரிக்காயைப் பார்த்து நேற்றுப் பறித்தது என்று சொல்வாரே, அப்படிச் சொன்னேன். ஆசிரியர் எழுந்து தொலைக்காட்சிக்குக் கிட்டே போய் நின்று பார்த்தார்.

6. மாலைக்குள் அந்த வார்த்தைக்குக் கையும் காலும் முளைத்துவிட்டது. ஞாயிறன்று சுவரெல்லாம் கத்தரிக்கோல் படம். எதிர்வேட்பாளரின் ஆட்கள் வந்து, மேடையில் நாற்காலி போட்டு, பிடரிப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி நான் விளக்க வேண்டும் என்று கேட்டார்கள். மறுத்தேன். செவ்வாயன்று தலைவரின் கட்சிச் செயலாளர் தட்டச்சு செய்த ஒரு தாளோடு வந்தார். தலைவரின் மனைவி வீட்டில் வெட்டிவிட்ட முடிதான் அது என்று, தொழில் தெரிந்தவன் என்ற முறையில் நான் சான்று தர வேண்டுமாம். ஊரடங்கு முடிந்தபோது வீட்டுக்காரம்மாக்கள் வெட்டிவிட்ட தலைகளைச் சரிசெய்தவன் நான். எலி கடித்தது போல இருந்தன. அந்தப் பிடரியைப் பார்த்து இது வீட்டு வெட்டு என்று எழுத, ஓட்டு ஒருபுறம் இருக்கட்டும், என் தொழில் இடம் தராது. கையெழுத்துப் போடாவிட்டால் கடை உரிமத்தின் புதுப்பிப்பு தாமதமாகலாம் என்று செயலாளர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். பிறகு இரு கட்சியினரும் தங்களிடம் புகார் கொடுக்க, வெள்ளிக்கிழமை அழைப்பாணை வந்தது.

7. இதில் எனக்கு விளங்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். படுக்கை இல்லாததை மன்னித்த அதே ஆட்கள் இந்த முடியை மன்னிக்கவில்லை. மறுநாள் அந்த ஆசிரியர் கடை வாசலில் வந்து நின்றார். முடி வெட்ட வரவில்லை. கட்சிக் கொடியைத் தன் வீட்டு மாடியிலிருந்து இறக்கிவிட்டதாகச் சொல்ல வந்தார். "நாம எல்லாரும் காடு மாதிரி தலையோட கிடந்தோம். அவரும் நம்மள மாதிரிதான் இருக்காருன்னு நினைச்சேன்" என்றார். இப்போது என் நாற்காலியில் பத்துக்கு நான்கு பேர்தான் தலைவர் பேரைச் சொல்கிறார்கள். மற்றவர்கள் கண்ணாடியில் என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள்.

8. அழைப்பாணையின் கேள்வி, அந்த முடியை வெட்டியது யார் என்று எனக்குத் தெரியுமா என்பது. தெரியும்.

என் தம்பி இடதுகைக்காரன். அவன் வெட்டினால் பிடரிக் கோடு வலப்பக்கம் ஒரு நூல் அளவு ஏறி நிற்கும். அப்பா எத்தனையோ முறை திட்டியும் அது மாறவில்லை. அன்று வார்த்தையை விட்ட பிறகு, தலைவர் இரண்டாவது எண்ணை எழுதத் திரும்பியபோதுதான் அந்த ஏறிய கோட்டைப் பார்த்தேன். கை நின்றுவிட்டது. சுவர்ப் பக்கம் பார்த்தேன். தம்பி, வாடிக்கையாளர் ஒருவரின் கழுத்தில் பவுடர் தட்டிக்கொண்டிருந்தான். தட்டியதையே தட்டிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

9. மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கேட்டேன். மறைக்காமல் சொன்னான். தலைவரின் கார் பணிமனைப் பின்வாசலில் வந்து நின்று அவனை மூன்று முறை ஏற்றிப்போயிருக்கிறது. இரண்டாவது முறை ஊரடங்கின் ஐம்பத்தேழாம் நாள். அன்று விடிந்ததிலிருந்தே அப்பாவுக்கு மூச்சுத் திணறல். தம்பி மருந்து தேடிப் போயிருக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டு, வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். படுக்கை இல்லை, மூன்று நாளாகும் என்று சொன்ன அதே மருத்துவமனையிலிருந்து பன்னிரண்டே காலுக்கு வண்டி வந்தது. நாங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்தோம். என் மனைவி வண்டி ஓட்டுநரைக் கும்பிட்டாள்.

"அப்பாவுக்கு ஒரு படுக்கை கேட்டேண்ணா. வேற எதுவும் கேட்கல" என்றான் தம்பி.

10. அறுபதாம் நாள் சவரக்கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மருத்துவமனை வாசலில் நின்றேன். உள்ளே விட வேண்டாம், செவிலியரிடம் கொடுத்தால் போதும், ஒரு தடவை மட்டும் அப்பா முகத்தை வழித்துவிடுங்கள் என்று கேட்டேன். காவலாளி ஏழாம் விதியை அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். வீட்டார்தானே என்றேன். மருத்துவமனைக்குள் வீட்டார் கிடையாது என்றார். அறுபத்திரண்டாம் நாள் அப்பா இறந்தார். பிளாஸ்டிக் உறை வழியாக முகத்தைக் காட்டினார்கள். நரைத்த தாடி. அது என் அப்பாதானா என்று இரண்டாம் முறை பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு அப்போது விதியின் மேல் கோபம் வரவில்லை, எல்லோருக்கும் இதுதானே என்று தேற்றிக்கொண்டேன். அந்தத் தேறுதல் இப்போது என்னிடம் இல்லை.

11. இதோடு முடிந்திருந்தால் நான் தங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். எப்படியாவது மழுப்பியிருப்பேன்.

மேலே சொன்ன நடத்துநர் தன் மனைவி இறந்த கதையை என் நாற்காலியில் பலமுறை சொல்லியிருக்கிறார். காலை பதினொரு மணிக்கு ஒரு படுக்கை காலியாகிவிட்டது, அடுத்த பெயர் உங்களுடையதுதான் என்று சொல்லிக் கையொப்பம்கூட வாங்கினார்களாம். பன்னிரண்டு மணிக்கு எழுத்தர் வந்து, இல்லை, நிரம்பிவிட்டது என்றாராம். ஆட்டோவிலேயே மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அதே மருத்துவமனை. ஐம்பத்தேழாம் நாள். சொல்லி முடித்ததும் ஒவ்வொரு முறையும், தலைவரைக் குறைசொல்லி என்ன பயன், யாரோ நம்மைவிட முடியாதவருக்குக் கொடுத்திருப்பார்கள் என்பார்.

தேதியை எத்தனையோ முறை கேட்டிருந்தும் எனக்குப் பொறி தட்டவில்லை. தம்பிக்குத் தட்டியிருக்கிறது. ஒன்றரை வருடமாக அவன் அவருக்குச் சவரம் செய்ததில்லை. தன் நாற்காலி காலியாக இருந்தாலும் "அண்ணன்கிட்ட உட்காருங்க" என்று அனுப்பிவிடுவான். மூத்தவனுக்குத் தரும் மரியாதை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

12. திங்கட்கிழமை உண்மையைச் சொன்னால் தலைவருக்குக் குறையப்போவது ஓட்டு. என் தம்பிக்குப் போகப்போவது கத்தரி. அவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள், வேறு வேலை தெரியாது. பொய் சொல்லித் தப்பிக்கலாமா என்றும் யோசித்தேன், மறைக்கவில்லை. இந்த மனுவைப் பாதி எழுதி மேசை இழுப்பறையில் ஒளித்து வைத்திருந்தேன். சீப்பு எடுக்கப்போன தம்பி பார்த்துவிட்டான். நின்றபடியே படித்தான். தன்னைப் பற்றிய பத்திகளை எடுத்துவிடச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். மூன்று முறை போனதை நான் இரண்டு என்று எழுதியிருந்தேன். அதை அடித்துத் திருத்தினான்.

ஆகவே தங்களிடம் நாங்கள் வேண்டுவது:

அ. திங்கட்கிழமை என்னோடு என் தம்பியையும் விசாரிக்க வேண்டும். அவன் ஏழாம் விதியை மீறியது உண்மை. அந்த விதியில் கையெழுத்திட்டவர்தான் காரை அனுப்பினார் என்பதையும் அதே பக்கத்தில் பதிவு செய்ய வேண்டும்.

ஆ. வாக்குப்பதிவு முடியும் வரை, அதாவது இன்னும் பதினெட்டு நாள்களுக்கு, இரு கட்சியினரும் எங்கள் கடைக்கு வராதபடி உத்தரவிட வேண்டும். முடி வெட்டிக்கொள்ள வந்தால் ஆட்சேபமில்லை.

இ. அழைப்பாணையின் நான்காம் பத்தி, விசாரணை முடியும்வரை இது பற்றி வெளியார் எவரிடமும் பேசக்கூடாது என்கிறது. அதிலிருந்து நடத்துநர் ஒருவருக்கு மட்டும் விலக்குத் தர வேண்டும். எதிர்க்கட்சி ஒலிபெருக்கியில் அவர் இதைக் கேட்கக் கூடாது. கேட்ட பிறகு அவர் யாருக்கு ஓட்டுப் போடுவார் என்பது எங்கள் கவலை அல்ல. எங்கள் கடைக்கு இனி வருவாரா என்பதும் அவர் இஷ்டம்.

அனுமதி வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தாக வேண்டும் ஐயா. சனிக்கிழமை அவர் வரும் நாள். வந்து உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை அண்ணாந்து கொடுப்பார். சொல்லாமல் அந்தக் கழுத்தில் கத்தி வைக்க எனக்குக் கை வராது. தன் நாற்காலியில் அவரை உட்காரவைத்துத் தானே சொல்கிறேன் என்கிறான் தம்பி.

தங்கள் பதிலுக்காகக் கடை வாசலையே பார்த்திருக்கும்,

1. (கையொப்பம்)
அண்ணன், சன்னல் பக்கத்து நாற்காலி.

2. (இடதுகைக் கையொப்பம்)
தம்பி. முடியை வெட்டியவன். படுக்கையைக் கேட்டவனும் நான்தான்.

இடம்: கடை.
நாள்: புதன்கிழமை, வாக்குப்பதிவுக்குப் பதினெட்டு நாள்கள் முன்பு.