குடிக்காத சாரதி

மே 4, 2009, திங்கள். விபோர்க்

பக்கத்து வீட்டு எல்சே இன்று பின்னேரம் யன்னல் முழுக்க மெழுகுதிரி கொளுத்தி வைத்திருக்கிறாள். 1945இல் ஜெர்மன்காரர் சரணடைந்து யுத்தம் முடிந்தது என்று டென்மார்க்கில் வானொலி சொன்ன நாளாம். அப்போது அவளுக்கு ஏழு வயது. வருடா வருடம் இதே கதை.

தங்கச்சி செலீனாவிடமிருந்து பதினொரு நாளாக ஒன்றும் இல்லை.

மே 8

எடுத்துவிட்டாள்! யாரோ ஒருவரின் சற்றலைட் போன். ஒரு நிமிடம்தான். முள்ளிவாய்க்காலில் நிற்கிறார்களாம், பங்கருக்குள் தண்ணீராம். "உங்கட கைபோன் நம்பர் மட்டும்தான் எங்களிட்ட இருக்கு அண்ணை. இன்னொருக்கா எடுப்பம். போனை விட்டிட்டுப் போயிடாதேங்கோ." பிறகு அவள் புருசன் ஸ்ரனிஸ்லாஸ் "மச்சான்" என்று தொடங்கினான். அறுந்துவிட்டது.

மே 11

வெள்ளிக்கிழமை ஜெர்மனிக்கு நான் பஸ் ஓட்டிப் போக வேண்டுமாம். மோசல் ஆற்றங்கரை, வைன் பயணம், ஐந்து நாள், நாற்பத்தாறு கிழடுகள். தங்கச்சி ஷெல்லுக்குள் கிடக்கிறாள், என்னை விடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். கேட்டுவிட்டு, மற்றச் சாரதிகள் அங்கே போனால் வாய் நனைக்காமல் வரமாட்டார்கள், குடிக்காதவன் நீ ஒருத்தன்தான், உன்னைத்தான் நம்பியிருக்கிறேன் என்கிறான். போன் உன் சட்டைப் பைக்குள்தானே இருக்கும் என்றும் சொன்னான்.

சபையில் ஞானஸ்நானம் எடுத்து இருபது வருடம் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்தது இதற்குத்தானோ?

மனுசி தவமணி வேலையை விடச் சொல்கிறாள். விட்டுப்போட்டு? திரும்பவும் பன்றி வெட்டுற தொழிற்சாலைக்கோ?

மே 15

ஓட்டம். எல்சேயும் பஸ்ஸில். போன் மடியில்.

மே 16

மலைச்சரிவு முழுக்கத் திராட்சை. ரோமர் காலத்திலிருந்து செய்கிறார்களாம். இவர்கள் ஒரு மிடறு வாய்க்குள் விட்டு, உருட்டி, வாளிக்குள் துப்புகிறார்கள். துப்புகிறார்கள்! அங்கே செலீனாவின் மகள், என் மருமகள், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கிடக்கிறாள்.

இரண்டாம் உலக யுத்த நேரம் ஆமிக்காரர் குடித்துவிடாமல் நிலவறைக்குள் சுவர் கட்டி ஐந்நூறு போத்தலை ஒளித்த கதையை வழிகாட்டிப் பெண் சொன்னாள். ஒன்றுகூட உடையவில்லையாம். எல்லோரும் கைதட்டினார்கள். போத்தலுக்குப் பங்கர்!

மே 17, ஞாயிறு

எழுதத்தான் வேணும்.

மத்தியானம் நான் பஸ்ஸுக்குள் இருந்தேன். எல்சே ஓடி வந்து கையைப் பிடித்தாள். எப்போதும் வெளியிலேயே இருக்கிறாய், இன்றைக்கு நீ கீழே வரத்தான் வேண்டும் என்றாள். நிலவறை. நாற்பது படி. நாற்பத்தாறு பேரும் கிளாசுடன் எழும்பி நிற்கிறார்கள். என் கையில் ஒரு கிளாஸ் திராட்சைச் சாறு. எல்சேயின் கண் கலங்கியிருந்தது. "தேவா, செய்தியில் சொன்னார்கள், உங்கள் நாட்டில் யுத்தம் முடிகிறதாம். வாழ்த்துகள்."

வாழ்த்துகள்.

கைதட்டினார்கள். ஒருத்தர் பாட்டுத் தொடங்கினார். நான் என்ன செய்தேன்? நன்றி என்றேன். சிரிச்சுக்கொண்டு, கிளாசை உயர்த்தி, நன்றி எண்டு சொன்னனான்! பாட்டு முடியுமட்டும் நிண்டனான். விசரன். வடிவா ஒரு கிளாஸ் முழுக்கக் குடிச்சும் போட்டன்.

மேலே ஏறி வந்தபிறகுதான் போனில் செய்தி வந்து விழுந்தது. அந்தச் சற்றலைட் நம்பரிலிருந்து தவறிய நாலு அழைப்பு. அந்த நிலவறைக்குள் போன் வேலை செய்யாது என்று எனக்கு ஏன் ஓடவில்லை?

மே 19

வீடு. அந்த நம்பருக்கு எத்தனை தரம் எடுத்தேன் என்று தெரியாது. மணியே போகவில்லை.

எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு போத்தல் தந்தார்கள். தவமணி அதைக் கழுவுதொட்டிக்குள் ஊற்றினாள். நான் தடுக்கவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

செப்ரெம்பரில் திரும்பவும் மோசலாம். மாட்டேன் என்று முதலாளிக்கு ஒரு வரி எழுதிவிட்டேன்.

ஆராதனை முடிந்து வரும்போது போன். செலீனா. முகாமிலிருந்து. அவளும் பிள்ளையும் இருக்கிறார்கள். ஸ்ரனிஸ்லாஸ் இல்லை.

"அவர்தான் உங்களுக்கு எடுத்தவர் அண்ணை. நீங்கள் முன்னாலை நடவுங்கோ, மச்சானோட ஒரு சொல்லுக் கதைச்சிட்டு ஓடி வாறன் எண்டவர். நாலு தரம் எடுத்ததைத் திரும்பிப் பாத்தனான். அதுக்குப் பிறகு ஷெல்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அண்டைக்கு எங்கை அண்ணை நிண்டனீங்கள்?"

வேலையில் என்றேன்.

"ஓம், வேலையை விட்டிட்டு நிக்கேலாதுதானே" என்றாள்.