பிரிந்து போனவர்களின் முகவரி

மார்ச் 3

மெக்கானிக் வீட்டுக்குப் போனேன். சில வருஷத்துக்கு ஒருமுறை அதே குடும்பங்களிடம் போய்க் கேள்வி கேட்கும் எங்கள் கணக்கெடுப்பில், அவருடைய அப்பா காலத்திலிருந்தே இருக்கும் குடும்பம். பிரிந்து போனவர்கள் எங்கே இருந்தாலும் தேடிப்போய்க் கேள்வி கேட்பதும் எங்கள் வேலைதான். போன சுற்றில் வாயாடிய மகள் இந்த முறை இல்லை.

"ஓடிப்போயிட்டா. செத்துட்டான்னு எழுதிக்கோ" என்றார்.

அவர் கை கழுவப் போன நேரத்தில் மனைவி என் காதருகே ஒரு போன் நம்பரை ஒப்பித்தாள். "அவகிட்டயும் கேப்பீங்கல்ல? நல்லா இருக்காளான்னு மட்டும் வந்து சொல்லும்மா."

ஒரு வீட்டுச் சேதியை இன்னொரு வீட்டில் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 5

மகளோடு போனில் பேசினேன். இதே ஊரின் மறுகோடியில் இருக்கிறாள், மாசமாக. பத்தாம் தேதி வரச் சொன்னாள். "அப்பாவுக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்டுருவாருக்கா."

மார்ச் 6

அலுவலக வாசலில் மெக்கானிக்!

"அவ எங்க இருக்கா?"

"எனக்குத் தெரியாதுங்க."

"தெரியும். உன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு."

மார்ச் 8

நேற்றும் இன்றும் பின்னாலேயே அவர் பைக். மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "பயமா இருந்தா லீவு போடு. ஆனா அந்தக் குடும்பத்தை விட்டுடாதே, மூணு தலைமுறைத் தொடர்ச்சி அறுந்துடும்."

தொடர்ச்சியாம்! அறுபடப் போவது யார் கழுத்து?

மார்ச் 10

பஸ் ஏறினேன். பாதி வழியில் ஜன்னல் வழியே பார்த்தால் அவர் பைக். மகள் வீட்டு நிறுத்தத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய், பெரிய ஆஸ்பத்திரிக்குள் புகுந்து, பிரசவ வார்டு வராந்தாவில் உட்கார்ந்துகொண்டேன். ஆம்பிளைகளை அங்கே விடமாட்டார்கள்.

"யாரைப் பாக்கணும்?" என்றாள் நர்ஸ்.

"தங்கச்சிய" என்றேன்.

சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். வாசல் மரத்தடியில் அசையாமல் நின்றிருந்தார். பின்கேட் வழியாக ஓடிவந்துவிட்டேன். மகளுக்கு மட்டும் போன் செய்தேன்: இப்போதைக்கு வரமாட்டேன்.

மார்ச் 11

காற்று கதவைத் தட்டினாலும் அவர்தான் என்று தோன்றுகிறது.

மார்ச் 12

அலுவலகத்துக்குள்ளேயே வந்துவிட்டார். "என் பொண்டாட்டியும் போயிட்டா! எங்கடி ஒளிச்சு வெச்சிருக்க?" நாற்காலியைத் தூக்கினார். காவலாளிகள் அமுக்கிப் பிடித்தார்கள், போலீஸ் கூட்டிப்போனது.

அவள் எங்கே போனாள்? கிணறு, தண்டவாளம்... நெனைக்கவே பயமா இருக்கு. நம்பரை எங்கிட்டச் சொன்னதுக்காக அடிச்சானா? கடவுளே, என்னாலயா?

மார்ச் 19

அவரை மறுநாளே ஸ்டேஷனிலிருந்து விட்டுவிட்டார்களாம். மகள் போனை எடுக்கவே இல்லை.

ஏப்ரல் 2

நேற்று மகளே கூப்பிட்டாள், வேறு நம்பரிலிருந்து. இன்று இரண்டு பஸ் மாறிப் போனேன். கதவைத் திறந்தது மெக்கானிக்கின் மனைவி!

"பின்னால யாரும் வரலியே?" உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள்.

நான் அழுதுவிட்டேன்.

"எதுக்கும்மா அழற? எப்பவும் என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டுத்தான் போவாரு. அன்னிக்கு நீ பஸ் ஏறிட்டேன்னு யாரோ போன்ல சொல்லவும், உன்னைப் புடிக்கிற அவசரத்துல பூட்ட மறந்துட்டாரு. சாயங்காலம் வரைக்கும் வரல. மாத்துப் புடவையோட கெளம்பி, ஒரு கடை போன்ல இவளைக் கூப்பிட்டு வந்து சேந்துட்டேன்."

முதல் கேள்வியைக் கேட்டேன்: இந்த வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?

"அம்மாவையும் சேத்துக்கோங்கக்கா" என்றாள் மகள்.

தெருவில் ஒரு பைக் சத்தம். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அது தாண்டிப் போனது.

அடுத்த கேள்விக்குப் போனேன்.