நான் விமானம் ஓட்டுவதாக நீ சொன்ன பொய்

லோடு ஏற்றும்போதும் இறக்கும்போதும் வாய் ஓயாத என் அப்பாவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் கம்மி. உன் கரும்பு டிராக்டரை இப்போது வேறு ஆள் ஓட்டுகிறார். கிளட்சைத் தேய்த்தே கொல்கிறார் என்று முருகேசன் மாமா தினமும் திட்டுகிறாராம்.

இதையெல்லாம் சொல்ல இந்தக் கடிதம் தேவையில்லை. என் வேலையைப் பற்றி உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியைச் சொல்லாமல் விட்டதில் ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன்.

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், லீவுக்கு வந்தபோது, சித்தப்பாவின் ஸ்கூட்டியில் உன்னைப் பின்னால் உட்காரவைத்து மலைமேல் இருக்கிற கரியாலூருக்குப் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? வண்டி திணறுகிறது என்று ஒரு வளைவில் நிறுத்தச் சொன்னாய். அங்கேதான் கேட்டாய். "அப்படி இன்னாதாம்மா செய்யற அங்க?"

தரையில் நிற்கிற ரேடாருக்கு மலைக்குப் பின்னால் வருவது தெரியாது, தாழப் பறந்து வருகிற விமானம் ரொம்பக் கிட்டே வந்த பிறகுதான் தெரியும், அதனால் ரேடாரையே ஒரு விமானத்தில் ஏற்றி மேலே கொண்டுபோகிறோம் என்றேன். நீ மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, "சரிதான். அதுல குண்டு எத்தினி?" என்றாய். குண்டே கிடையாது என்றதும் உன் முகம் விழுந்துவிட்டது.

மேலிருந்து பார்த்தால் கீழே ஓடுகிற பஸ், லாரி எல்லாம் ரேடாரில் வந்து விழும். எது விமானம், எது வண்டி என்று வேகத்தை வைத்துக் கணினி பிரிக்கவேண்டும். வண்டியைத் திரையிலிருந்து தள்ளிவிடுகிற அந்தக் கணக்கை எழுதுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி என்றேன்.

"அப்ப நான் கரும்பு ஏத்திக்கினு போனாக்கூட தெரியுமா?"

"நீ போற வேகத்துக்கு மொதல்ல உன்னத்தான் தள்ளுவேன்."

சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது. வேலையைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். "யார்கிட்டயும் சொல்லிடாதப்பா" என்றேன். "சத்தியமா" என்று என் தலையில் அடித்தாய். நான் நம்பவில்லை. பக்கத்து வீட்டு மாடு சினையாக இருப்பது, உன் புண்ணியத்தில், மாட்டுக்காரருக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டில் என் பழைய கணக்கு வாத்தியாரைப் பார்த்தேன். "ஏம்மா, நீ பிளேன் ஓட்றியாமே? உங்கப்பா சொன்னாரு!" என்றார். டீக்கடையே திரும்பிப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பஸ்ஸில் ஏறியதும் உனக்குப் போன் போட்டேன்.

"ஏம்ப்பா ஊரெல்லாம் பொய் சொல்லிக்கினு திரியற?"

"போன்ல வேணாம்மா."

"இன்னா வேணாம்?"

"வுடும்மா. போன்ல வேணாம்."

பதில் சொல்லத் தெரியாமல் நழுவுகிறாய் என்று நினைத்து, போனை வைத்துவிட்டேன். நாள் முழுக்கத் திரைமுன் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற மகள் உனக்குப் போதவில்லை, ஊர் மெச்ச ஒரு பைலட் வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். அது வலித்தது அப்பா. அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி நீயும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

அதற்கப்புறம் விமானம் செய்து முடிந்தது. வெளிநாட்டில் சில விமானங்களுக்கு முதுகில் பெரிய வட்டத் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும். எங்களுடையது சுற்றாது. சின்ன ஜெட் ஒன்றின் முதுகில் நீளமாக, பலகை மாதிரி நிற்கும். ரேடார் அனுப்புகிற அலைக்கதிரைத்தான் இப்படியும் அப்படியும் திருப்புவோம். இரண்டு பக்கமும் வெகுதூரம் தெரியும். மூக்குக்கு நேரேயும் வாலுக்குப் பின்னாலும் தெரியாது, அந்தக் குறை உண்டு. பெரிய விமானத்தில் சுற்றிலும் பார்க்கிற மாதிரி செய்யும் வேலை இப்போது நடக்கிறது. எங்கள் ரேடாரில் படுகிற விமானத்தை "நீ யார்?" என்று கேட்கும். சரியான பதில் வந்தால் நம்மாள். உள்ளே திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள், எது எங்கே வருகிறது என்று தரைக்கும் சண்டை விமானங்களுக்கும் சொல்வார்கள். வானத்திலேயே எரிபொருள் நிரப்பிக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்தித்தாளில் படத்தோடு வந்தது. குடியரசு தின அணிவகுப்பில் பறந்ததை டிவியில் காட்டினார்கள். நான் ஆபீசில் கைதட்டினேன். உனக்குப் போன் போடவில்லை.

நீ போன அன்று, பஸ் ஸ்டாப்பில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். உன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு போர் விமானம். கீழே, 'விமானி செல்வியின் தந்தை'. செத்தும் விடவில்லையே என்று உன் மேல் கோபம் வந்தது. அன்றைக்குக்கூட.

முப்பதாம் நாள் காரியத்தில் முருகேசன் மாமாவிடம்தான் அதைச் சொல்லிப் புலம்பினேன். இருபது வருஷம் உன்னோடு டிராக்டர் ஓட்டியவர் ஆயிற்றே. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உங்கப்பனுக்கு நீ ஓட்டலன்னு தெரியும் பாப்பா. கரும்பு ஆலை வாசல்ல டிராக்டர் லைன்ல நிக்கசொல்ல எல்லாரும் புடிச்சிக்கினானுங்க, உம் பொண்ணு பெங்களூர்ல இன்னா செய்யிதுன்னு. தெரியாதுன்னான். பெத்தவனுக்குத் தெரியாதா, சொல்ற மாதிரி வேலை இல்லியான்னு அசிங்கமா பேசிட்டானுங்க. அதுக்கப்புறம்தான் அவ பிளேன் ஓட்றான்னு சொன்னான். நான் தனியா கேட்டேன். எங்கிட்டயும் சொல்லல. வெளிய சொன்னா அவ வேலைக்கு ஆபத்துடா, சத்தியம் பண்ணிக்கீறேன்னான்."

போனில் பேசினால் யாராவது ஒட்டுக் கேட்பார்கள் என்று பயந்திருக்கிறாய். நான் திட்டியதை வாங்கிக்கொண்டு, வாய் ஓயாத நீ, என் ஒரு வார்த்தைக்காக இத்தனை வருஷம் வாயைக் கட்டியிருக்கிறாய். அந்த வளைவில் நான் உன்னிடம் சொன்னதெல்லாம் பேப்பரிலேயே வந்துவிட்டது, இனி சொல்லலாம் என்று ஒரு வார்த்தை உன்னிடம் சொல்லியிருக்கவேண்டியது நான்தான். எனக்கு அது தோன்றவே இல்லை. மன்னிப்பாயா?

உன் வருஷத் திதிக்கு ஊருக்கு வருகிறேன். ஆலை வாசலில் அந்த லைனில் போய் நிற்பேன். என் வேலை இன்னது, அதை மறைக்கச் சொன்னது நான், என் அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்று ஒவ்வொரு டிராக்டராகச் சொல்வேன். இது சத்தியம்.

நீயும் இனிமேல் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்ப்பா.

உன்னை நம்பாத உன் மகள்,
செல்வி