ஒன்பதாவது கேபிள்

8 ஜூன், ஞாயிறு
ஒன்பதாவது மெசினைச் செருகினேன், எல்லாமே நின்றுவிட்டது. உலைகள் அணைந்து, களஞ்சியப் பெட்டி திறக்காமல் — டொரொன்டோ, லண்டன், பரிஸ் எல்லாப் பக்கமிருந்தும் வட்ஸ்அப்பில் கத்தல். இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு கேபிள் வலைக்கு எட்டுக் கருவிதானாம். இதை முதலிலேயே சொன்னால் என்ன? ஆளுக்கொரு மெசின், எங்கள் சொந்தத்துப் பிள்ளைகள் ஒன்பது பேர். யாரை விடுவது?

10 ஜூன்
இன்னொரு வலை போடலாம். அதற்கான கனிமம் தோண்டவே ஒரு மாதம் பிடிக்கும். அதுவரை முறை வைத்து மாற்றி மாற்றி இணைப்போம் என்று எழுதினேன்.

13 ஜூன்
கழற்றிவிட்டார்கள். என்னுடையதை!

டொரொன்டோவில் இருக்கும் சின்னம்மாவின் மகன் நதா சொல்கிறான்: "அக்கா, கொழும்பு லைன் சரியான ஸ்லோ. நீங்க இல்லாட்டியும் ஓடும்தானே."

அந்தக் கேபிள் முழுக்க நான் புதைத்தது. கந்தோர் வேலை முடிந்து வந்து, தேத்தண்ணிகூடக் குடிக்காமல். விளையாட்டுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்கிறார் அம்மா. அம்மா, நாங்கள் ஒன்பது பேரும் கூடிக் கதைக்கிறது அங்க மட்டும்தான். கலியாண வீட்டிலகூட இல்லை! எட்டுப் பேரும் ஓம் சொல்லியிருக்கினம். என்னை ஒருத்தராவது கேட்டதோ? என்ன நியாயம் இது?

14 ஜூன்
இன்றைக்கும் ஆறவில்லை.

12 ஜூலை
மலைக்கு மறுபக்கம் எனக்கென்று தனி வலை போட்டுவிட்டேன். ஓர் உலை, ஒரு பெட்டி. கேபிளில் மிச்ச ஆறு இடமும் சும்மா கிடக்கிறது. கிடக்கட்டும்.

19 ஜூலை
நதாவின் மெசேஜ்: "ஓகஸ்ட்டில வாறம் அக்கா, அஞ்சு பேர். ரெண்டு கிழமை உங்கட வீட்டதான்." கேட்கவில்லை, சொல்கிறான். ஒவ்வொரு வருடமும் என் அறை அவர்களுக்கு, எனக்கு ஹோலில் பாய். "இடம் காணாது, பக்கத்தில ஹோட்டல் பாருங்கோ" என்று அனுப்பினேன். சின்னம்மாவுக்கு என்ன சொல்வது என்று அம்மா ஏசினார்.

6 ஓகஸ்ட், புதன்
ஹோட்டலில் இருந்து சாப்பிட வந்தார்கள். நதா மட்டும் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். அம்மா குசினிக்குப் போனதும் மெல்லக் கேட்டான்.

"லண்டன்காரர் என்ர மெசினைக் கழட்டிட்டினம் அக்கா. இங்க ஹோட்டல் லைன் ஸ்லோவாம். உங்கட கேபிள்ல இடம் இருக்கோ?"

ஆறு இடம் இருக்கிறது. "யோசிச்சுச் சொல்றன்" என்று சொதியை அவன் பக்கம் தள்ளினேன்.